பறையொலி முதல் வர்த்தமானி வரை

காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தை வரை நடந்து பாருங்கள். எத்தனை அறிவித்தல்கள்! உயர்தர வகுப்பு ஆசிரியர்களின் படம் போட்ட சுவரொட்டிகள், 'அறை வாடகைக்கு' என்ற சிறு தாள்கள், மின்கம்பத்தில் கட்டிய மரண அறிவித்தல், அதற்கு மேல் வெள்ளைக் கொடி. அவற்றை வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும் நம் வாழ்வில் பெரிதாக ஒன்றும் மாறப்போவதில்லை. ஆனால் அதே மதிலில் அரச இலச்சினையோடு ஒரு தாள் ஒட்டப்பட்டால் கதை வேறு. அதை வாசிக்காமல் போனவருக்குக் காணி போகலாம், உரிமை போகலாம். 'எனக்குத் தெரியாது' என்று அவர் பின்னர் சொன்னாலும் சட்டம் அதை ஏற்காது. அறிவித்தல் ஒட்டப்பட்டுவிட்டால் எல்லோருக்கும் தெரியும் என்றே கணக்கு.

வரலாறு பாடத்துக்காகப் படித்துக்கொண்டிருந்தபோது இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று தேடத் தொடங்கினேன். தேடல் என்னை ஒல்லாந்தர் காலத்துக்கும், அங்கிருந்து எதிர்பாராத விதமாக அமெரிக்காவுக்கும் கொண்டுபோனது.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றினர். 1796 வரை கரையோரம் அவர்கள் கையில் இருந்தது. தேசாதிபதியும் அவரது ஆலோசனைச் சபையும் பிறப்பித்த கட்டளைகளுக்கு 'பிளக்காட்' என்று பெயர். கறுவாப் பட்டை உரிப்பதிலிருந்து நாணயத்தின் பெறுமதி வரை எல்லாவற்றுக்கும் பிளக்காட் இருந்தது. அவை டச்சு மொழியில் எழுதப்பட்டு, சிங்களத்திலும் தமிழிலும் பெயர்க்கப்பட்டு, பறை முழக்கி ஆட்களைக் கூட்டி உரத்து வாசிக்கப்பட்டன. பிறகு பலரும் கூடுமிடத்தில் ஒட்டப்பட்டன. முதலில் காது, அடுத்துத்தான் கண். பறையடித்துச் செய்தி சொல்வது நமது ஊர்களுக்குப் புதியதல்ல. ஒல்லாந்தர் தாளைக் கொண்டுவந்தார்கள், பறை ஏற்கெனவே இங்கே இருந்தது. நோன்பு காலத்தில் ஸஹருக்கு எழுப்ப றபான் தட்டிக்கொண்டு பாவாமார் தெருவில் வருவதை உம்மம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதுவும் ஒரு பொது அறிவித்தல்தானே.

தொடக்கத்தில் பிளக்காட்டுகள் கையெழுத்துப் பிரதிகளே. ஒவ்வொரு ஊருக்கும் ஓர் எழுதுவினைஞர் உட்கார்ந்து பிரதி எடுக்க வேண்டும். பத்துப் பிரதி எடுத்தால் பத்தாவதில் ஒரு சொல் விடுபட்டிருக்கும். கட்டளையில் ஒரு சொல் விடுபட்டால் அது வேறு கட்டளை. அச்சு இந்தச் சிக்கலைத் தீர்த்தது. குஸ்தாவ் வில்லம் வான் இம்ஹொப் தேசாதிபதியாக இருந்த காலத்தில், 1737இல், கொழும்பில் ஒல்லாந்தரின் அச்சுக்கூடம் இயங்கத் தொடங்கியது. சிங்கள எழுத்துக்களை உலோகத்தில் வடித்தவர் கப்ரியேல் ஷாட. அவ்வாண்டிலேயே சிங்களத்தில் ஒரு கிறிஸ்தவ ஜெபப் புத்தகம் வெளிவந்தது. சிறிது காலத்தில் தமிழ் எழுத்துக்களும் வந்து சேர்ந்தன. தமிழ் மொழியோ அதற்கு முன்பே அச்சைக் கண்டிருந்தது: 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்', 1713 அளவில் தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் அச்சகம். ஆனால் இலங்கை மண்ணில் அச்சு, ஆட்சியின் கருவியாகவும் திருச்சபையின் கருவியாகவும் ஒரே நேரத்தில் பிறந்தது. படிப்பவரின் விருப்பத்துக்காக அது பிறக்கவில்லை.

இந்தக் கட்டளைகளில் எமது முன்னோர் எங்கே இருக்கிறார்கள் என்று பார்ப்பது எனக்கு இயல்பாகவே ஆவலாக இருந்தது. இருக்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தடுக்கப்பட்டவர்களாகவே. கோட்டையிலும் புறக்கோட்டையிலும் முஸ்லிம்களும் தமிழர்களும் வீடோ காணியோ சொந்தமாக வைத்திருக்கக் கூடாது என்பது ஒல்லாந்தர் ஆட்சியின் தீர்மானம். முஸ்லிம்களை அவர்கள் அந்நியராகக் கருதியதால் 'ஊழியம்' என்ற கட்டாய வேலையைச் செய்ய வேண்டும், அல்லது அதற்குப் பதிலாகப் பணம் கட்ட வேண்டும். வீடு பற்றிய அந்தத் தடையைப் பிரித்தானியர் நீக்கியது 1832இல். ஒல்லாந்தர் போய் 36 ஆண்டுகள் ஆகியிருந்தன. எழுதியவர் கப்பலேறிப் போன பின்னரும் அவர் எழுதிய தாள் இங்கேயே ஆட்சி செய்துகொண்டிருந்தது. இன்று புறக்கோட்டைக் கடைத்தெருவில் எமது ஆட்களின் பெயர்ப்பலகைகளைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்வேன்.

இனி அமெரிக்கா. 1776 ஜூலை 4ஆம் திகதி பிலடெல்பியாவில் சுதந்திரப் பிரகடனம் ஏற்கப்பட்டது. அன்றிரவே ஜோன் டன்லப் என்ற அச்சகக்காரர் அதை ஒரு பக்கத் தாளாக அச்சடித்தார். ஏறத்தாழ 200 பிரதிகள். அவற்றில் இன்று இருப்பதாக அறியப்படுபவை 26 மாத்திரமே. மதிலில் ஒட்டுவதற்கும் கூட்டத்தில் வாசிப்பதற்கும் அடித்த தாளை யார் பத்திரப்படுத்துவார்? மழையில் கிழிந்திருக்கும், பொதி கட்டப் பயன்பட்டிருக்கும். நாங்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்கும் ஆவணம் அன்று வெறும் நோட்டீஸ்தான்.

அங்கும் காதுதான் முதலில். ஜூலை 8ஆம் திகதி பிலடெல்பியாவில் மக்கள் முன் அது வாசிக்கப்பட்டது. ஜூலை 9ஆம் திகதி நியூயோர்க்கில் ஜோர்ஜ் வொஷிங்டனின் படையினர் முன் வாசிக்கப்பட்டபோது, கேட்ட கூட்டம் அன்றிரவே மூன்றாம் ஜோர்ஜ் மன்னரின் ஈயச் சிலையைக் கயிறு கட்டி இழுத்து வீழ்த்தியது. அந்த ஈயத்தின் பெரும்பகுதியை உருக்கி 42,088 துப்பாக்கி ரவைகள் வார்த்ததாகக் கணக்கெழுதி வைத்திருக்கிறார்கள். ஓர் அறிவித்தல் இவ்வளவு சீக்கிரம் ரவையாக மாறியது வேறெங்கும் உண்டோ! இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பென்சில்வேனியாவில் ஜேர்மன் மொழி பேசுவோர் நிறைய இருந்தார்கள். அடுத்த நாளே அங்குள்ள ஜேர்மன் பத்திரிகை ஒன்று செய்தியை வெளியிட்டது. சில நாட்களுக்குள் பிரகடனம் முழுவதும் ஜேர்மன் மொழியில் அச்சாகியது. புதிதாகப் பிறக்கும் நாட்டுக்கு எல்லோரும் தேவைப்பட்டார்கள், அதனால் எல்லோர் மொழியும் தேவைப்பட்டது.

எல்லோரும் என்று எழுதியதும் பேனா சற்று நின்றுவிடுகிறது. மனிதர் யாவரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்ற கருத்தைப் பிரகடனத்தில் எழுதியவர் தோமஸ் ஜெபர்சன். அவரே 1769இல் வேர்ஜினியா கெசற் பத்திரிகையில் வேறோர் அறிவித்தல் கொடுத்திருந்தார். தன்னிடமிருந்து தப்பியோடிய சண்டி என்ற அடிமையைப் பிடித்துத் தருபவருக்குச் சன்மானம். வயது ஏறத்தாழ 35, சப்பாத்து தைக்கும் தொழில், இடதுகைப் பழக்கம், ஒரு வெள்ளைக் குதிரையோடு போய்விட்டான் என்று அடையாளங்கள். சண்டியைப் பற்றி உலகம் அறிந்திருப்பதில் பெரும்பகுதி அவரைப் பிடிக்கப் போட்ட அந்த அறிவித்தலிலிருந்து வந்ததே. பிடிபட்டார் என்பதும் தெரியும், ஏனெனில் 1773இல் ஜெபர்சன் அவரை 100 பவுணுக்கு விற்றிருக்கிறார். இரண்டு அறிவித்தல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தால்தான் அந்தக் காலம் விளங்கும் என்பது என் எண்ணம். ஒன்றை மட்டும் பாடப்புத்தகத்தில் போடுவது பாதி வரலாறு. நாமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. கொம்பனித் தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் வழங்கிய பெயரின் பொருள் 'அடிமைத் தீவு'. ஒல்லாந்தக் கம்பனி தன் அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம் அது. இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல்.

பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதும்போது மேரி கத்ரின் கொடார்ட்டை விட்டுவிட முடியாது. டன்லப் அச்சடித்த தாளில் கையொப்பமிட்டவர்களில் பெரும்பாலோரின் பெயர்கள் இருக்கவில்லை. மன்னருக்கு எதிராகக் கையெழுத்து வைத்தால் தூக்குமேடை என்பதால் பெயர்கள் மாதக்கணக்காக வெளிவரவில்லை. 1777 ஜனவரியில், பெயர்களோடு அச்சடிக்குமாறு காங்கிரஸ் கட்டளையிட்டது. அப்போது காங்கிரஸ் கூடியிருந்த பால்ட்டிமோரில் அந்த வேலையைச் செய்தவர் இந்தப் பெண்மணி. அச்சகத்தையும் பத்திரிகையையும் நடத்தியதோடு நகரத்தின் தபாலதிபராகவும் இருந்தவர். அதுவரை முதலெழுத்துக்களை மட்டும் போட்டு வந்தவர், அந்தத் தாளின் அடியில் தன் முழுப் பெயரையும் அச்சடித்தார். மற்றவர்களின் பெயர் தூக்குக் கயிற்றின் கீழ் இருக்கும்போது தன் பெயரை மறைத்துக்கொள்ள அவர் விரும்பவில்லை போலும். 1789இல் அவரைத் தபாலதிபர் பதவியிலிருந்து நீக்கினார்கள். அந்தப் பதவிக்கு இனி அதிகம் பயணம் செய்ய வேண்டும், ஒரு பெண்ணால் முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். பால்ட்டிமோர்வாசிகள் 200க்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டு மனுக் கொடுத்தும் பயனில்லை. சுதந்திரப் பிரகடனத்தை அச்சடிக்க முடிந்தவருக்குக் குதிரை வண்டியில் ஏற முடியாதாம்.

அமெரிக்க அச்சு நம் கரைக்கும் வந்தது, வந்த வேகத்தில் விரட்டவும்பட்டது. 1816இல் அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்தில் வேலை தொடங்கினர். அவர்களுக்கு அச்சடித்துக் கொடுக்க 1820இல் ஜேம்ஸ் கரெற் என்ற இளம் அச்சாளர் வந்திறங்கினார். ஆட்சிப் பொறுப்பிலிருந்த எட்வேர்ட் பார்ன்ஸ் அவர் இலங்கையில் தங்க அனுமதி மறுத்தார். கரெற் பம்பாய்க்குப் போய் அங்குள்ள மிஷன் அச்சகத்தில் வேலை செய்தார். ஒரு தனி மனிதனைக் கண்டு பேரரசு ஏன் அஞ்ச வேண்டும்? அமெரிக்காவில் தாள் என்ன செய்தது என்று பிரித்தானியரை விட நன்றாக அறிந்தவர் யார் என்று நான் நினைத்துக்கொள்கிறேன். 1834இல்தான் மைனர் என்ற அச்சாளர் வந்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் அச்சகம் இயங்கலாயிற்று. 1841இல் 'உதயதாரகை' பிறந்தது. அதன் தமிழ்ப் பக்கங்களில் அரச கட்டளைகள் மட்டுமல்ல, கேள்விகளும் பதில்களும் அச்சேறின.

அதுவரை அச்சில் வருவது பெரும்பாலும் அரசின் குரலே. 1802 மார்ச் 15ஆம் திகதி முதல் அரசாங்க வர்த்தமானி வெளிவந்தது. அந்தக் காலத்தில் பத்திரிகை வேறு இல்லாததால் ஏல விற்பனையும் மரணச் செய்தியும் கூட அதிலேயே வந்தன. முஸ்லிம்கள் தமக்கென ஒரு தாளைப் பெறப் பல தசாப்தங்கள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1882 டிசம்பரில் கண்டியில் அறிஞர் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை அரபுத் தமிழிலும் தமிழிலும் தொடங்கினார். எமது உம்மும்மாமாரின் உம்மும்மாமார் பலர் தமிழ் எழுத்து வாசிக்கமாட்டார்கள், ஆனால் குர்ஆன் ஓதக் கற்றிருந்ததால் அரபு எழுத்தில் எழுதிய தமிழை வாசிப்பார்கள். வாசகி எந்த எழுத்தை அறிவாளோ அந்த எழுத்தில் அச்சடிக்க வேண்டும் என்று சித்திலெப்பை அறிந்திருந்தார். பறையடித்த ஒல்லாந்தரும் ஜேர்மன் மொழியில் அச்சடித்த பிலடெல்பியாக்காரரும் அறிந்திருந்தது அதுதான்.

வர்த்தமானியின் ஆயுள் எவ்வளவு நீளம் என்பதற்கு ஒரு நிகழ்வு. ஊவா கிளர்ச்சியின்போது தேசாதிபதி ரொபர்ட் பிரவுன்றிக் 1818 ஜனவரியில் வெளியிட்ட அறிவித்தல் 19 பேரைத் துரோகிகள் என்றது. அவர்களில் ஒருவர் கெப்பெட்டிபொல. அவ்வாண்டு நவம்பரில் அவர் சிரச்சேதம் செய்யப்பட்டார். நாடு சுதந்திரம் பெற்றது, குடியரசானது, அவருக்குச் சிலை வைத்தது, பாடசாலைப் புத்தகத்தில் வீரர் என்றது. ஆனால் அந்தத் தாள் இரத்துச் செய்யப்படவில்லை. 2016 டிசம்பரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன பிறப்பித்த பிரகடனத்தின் மூலமே அது செல்லாததாகியது. சட்டத் தாளின்படி ஒரு தேசிய வீரர் ஏறக்குறைய 200 ஆண்டுகள் துரோகியாகவே இருந்தார்.

இதையெல்லாம் பழங்கதையாகப் படித்துவிட்டுப் போக எங்கள் வயதுக்காரரால் முடியாது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களுக்குப் பின், ஏப்ரல் 29ஆம் திகதி முதல் முகத்தை முழுமையாக மூடும் ஆடை அவசரகாலச் சட்டத்தின் கீழ் தடைசெய்யப்பட்டது. அந்த அறிவித்தல் முகத்தைப் பற்றியது, தலையை மூடும் ஹிஜாபைப் பற்றியதல்ல. ஆனால் தெருவில் இருந்தவர்கள் தாளை வாசிக்கவில்லை, தாளைப் பற்றிய பேச்சைத்தான் கேட்டார்கள். நான் அப்போது சிறுமி. எங்கள் சாச்சியை ஒரு கடை வாசலில் நிறுத்தி, ஸ்கார்பைக் கழற்றினால்தான் உள்ளே விடலாம் என்றார்கள். சாச்சி சத்தம் போடவில்லை. கைப்பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தார். வர்த்தமானியின் சிங்களப் பிரதி. "தம்பி, இதுல எங்க இருக்கென்டு காட்டுங்க, நான் கழட்டுறன்" என்று சிங்களத்திலேயே சொன்னார். காவலாளி விரலை வைத்து வரி வரியாக வாசித்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். வாசித்து முடித்துவிட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அந்தத் தாள் பல மாதம் சாச்சியின் பையிலேயே இருந்தது, மடிப்பில் கிழிந்து டேப் ஒட்டும்வரை.

அடுத்த ஆண்டு வந்த அறிவித்தலுக்கு அப்படி ஒரு பதில் இருக்கவில்லை. 2020 ஏப்ரல் 11ஆம் திகதி வெளியான அதிவிசேட வர்த்தமானி, கொவிட் தொற்றால் இறந்தவர்களின் உடல்களைத் தகனம் செய்ய வேண்டும் என்றது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் கூறியிருந்தும் அந்த வரி மாறவில்லை. பிறந்து 20 நாட்களான ஒரு குழந்தையின் உடலும் அதன் கீழ் எரிக்கப்பட்டது. மதில்களிலும் வேலிகளிலும் மக்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள், அது எழுத்தில்லாத அறிவித்தல். ஏறத்தாழ பத்தரை மாதங்களின் பின், 2021 பெப்ரவரி 25ஆம் திகதி, அடக்கத்துக்கும் இடமளித்து இன்னொரு வர்த்தமானி வந்தது. வாப்பா அன்றிரவு தொலைபேசியில் அதைப் பெரிதாக்கி, முதலில் திகதியைப் பார்த்தார், பிறகு கையொப்பத்தைப் பார்த்தார், அதன் பிறகுதான் வாசகத்தை வாசித்தார். பொய்ச் செய்தியால் முன்பும் ஏமாந்திருந்தோம். மார்ச் 5ஆம் திகதி ஓட்டமாவடியில் முதல் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவை அந்தக் கட்டாயத் தகனத்துக்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது.

வாப்பா வாசித்த ஒழுங்கு சரியானது என்று எனக்கு இப்போது விளங்குகிறது. திகதி, கையொப்பம், எந்தச் சட்டத்தின் கீழ் என்ற வரி, பிறகு வாசகம். இவற்றோடு மொழியையும் பார்க்க வேண்டும். காணி சுவீகரிப்புச் சட்டம் 1950ஆம் ஆண்டிலேயே அறிவித்தலைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் காட்சிப்படுத்தச் சொல்கிறது. ஆயினும் பாராளுமன்றம் நிறைவேற்றும் சட்டங்களின் இறுதியில் வழக்கமாக ஒரு பிரிவு இருக்கும்: சிங்கள உரைக்கும் தமிழ் உரைக்கும் இடையே முரண்பாடு ஏற்பட்டால் சிங்கள உரையே மேலோங்கும். தமிழ் மொழிமூலம் படிக்கும் நாம் தமிழில் வாசித்து விளங்கிக்கொண்டது போதாத சமயங்கள் வரலாம் என்பது இதன் பொருள். சாச்சி சிங்களப் பிரதியை வைத்திருந்தது தற்செயலல்ல.

அச்சு நின்றாலும் நாடு நிற்கும். 2023 மார்ச் 9ஆம் திகதி நடைபெறவிருந்த உள்ளூராட்சித் தேர்தலுக்கு வாக்குச்சீட்டு அச்சிடத் திறைசேரியிலிருந்து பணம் வரவில்லை என்று அரசாங்க அச்சகம் அறிவித்தது. தேர்தல் பின்போடப்பட்டது. அப்போது அரசாங்க அச்சகராக இருந்தவர் ஒரு பெண். கொடார்ட் அம்மையாரைப் பற்றி வாசிக்கும்போது எனக்கு அவரது நினைவும் வந்தது. அந்தத் தேர்தல் 2025 மே 6ஆம் திகதிதான் நடந்தது. எனக்கு வாக்கில்லை, வயது 17. வாக்காளர் இடாப்பைத் திருத்தும்போது பெயர்ப்பட்டியலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், விடுபட்டவர்கள் உரிய திகதிக்குள் முறையிட வேண்டும். அடுத்த முறை வைக்கும் பட்டியலில், வாப்பாவின் பெயருக்கும் உம்மாவின் பெயருக்கும் கீழே, என் பெயரைச் சரியாக எழுதியிருக்கிறார்களா என்று போய்ப் பார்க்க இருக்கிறேன்.